வருசப் பிறப்பன்று பரமேஸ் பனியில் படுத்த கதை

1

ஒஸ்லோவில் வசந்தம் என்றால் நாட்காட்டிப் படத்தில் வருகிற பூ இல்லை. நாய்ப்பீ. மாரி முழுக்கப் பனிக்கு அடியில் ஒளிந்து கிடந்த அவ்வளவும் சித்திரையில் ஒன்றாக வெளியே வரும். அதோடு சிகரெட் கட்டைகள், ஒற்றைக் கையுறைகள், தெருவில் வழுக்காமல் இருக்கக் கொட்டின கூர்க்கற்கள். வெள்ளையாக இருந்த பனி ஊத்தைச் சீனி நிறத்தில் தெருவோரம் குவிந்து நின்று மூத்திரம் போல ஒழுகும். ஊரில் இருந்து போன் எடுப்பவர்கள், "இப்ப அங்கை நல்ல காலம், என்ன?" என்று கேட்பார்கள். நான் ஓம் என்று சொல்லிவிடுவேன். நாய்ப்பீயைப் போனில் யாருக்கு விளக்குவது?

நான் ஒஸ்லோவின் ஓரத்தில் ஸ்டோவ்னரில் உயரமான மாடிக் கட்டடம் ஒன்றில் தனியே இருக்கிறேன். ஊரில் இருந்து என்னைக் கூப்பிட்டு எடுத்த மகன், ஹம்மர்பெஸ்டில் வாயுத் தொழிற்சாலை வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டான். அது இந்த நாட்டின் வடக்கு அந்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். பேத்தி முகத்தைக் காட்டி, "ஹாய் அப்பம்மா" என்பாள். அத்தோடு அவளுக்குத் தமிழ் முடிந்துவிடும். எனக்கோ நோர்வேஜியன் இன்னும் தொடங்கவில்லை. அவள் தங்கள் நாயைத் தூக்கிக் காட்டுவாள். இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம் நாயைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சபையில் வாய் திறக்க எனக்கு வராது. கடையில் மாறிச் சாமான் தந்தாலும் கொண்டுவந்து சமைத்துவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு இந்தக் கட்டடத்தில் கதைக்க இருக்கிற ஒரே ஆள் பரமேஸ். நேர் கீழ்வீடு. நான் கதிரையை இழுத்தால் அவளுக்குக் கேட்கும். அவள் வெங்காயம் வதக்கினால் எனக்கு மணக்கும்.

அவளது மனுசன் பாரிசவாதத்தில் பல வருசம் படுக்கையில் கிடந்து, போன வருசம் வைகாசியில் காலமானார். எங்கள் சனத்தின் முறை உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தியேட்டி முடிந்து துடக்குக் கழிந்தாலும், வருசம் முடிந்து ஆட்டைத் திவசம் வரும்வரை அந்த வீட்டுக்குப் பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை, வருசப் பிறப்பு இல்லை. நல்ல நாளில் ஒருவரும் அந்தக் கதவைத் தட்டமாட்டார்கள். கொண்டாட்ட வீட்டுக்குச் சொல்லமாட்டார்கள். ஊரிலாவது கதவு திறந்து கிடக்கும், நாலு பேர் தெருவில் போவதைப் பார்க்கலாம். இங்கே பூட்டின கதவுக்குப் பின்னால் ஒரு வருசம். அந்த மனுசனைக் குளிப்பாட்டித் தூக்கி இருத்தி ஊட்டினவளுக்குச் சனம் கொடுத்த மரியாதை அது.

2

பரமேசுக்கு ஒரே மகன், சுதன். ஒஸ்லோவுக்கு வெளியே லில்லெஸ்ட்ரோமில் வீடு வாங்கி இருக்கிறான். அந்த வீட்டின் அடியில் பாதி நிலத்துக்குள் புதைந்த அறை ஒன்று இருக்கிறது. யன்னலால் பார்த்தால் புல்லின் வேரும் காரின் சில்லும் தெரியும். தகப்பன் போன கையோடு, தாயை அதற்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று நிற்கிறான். கெட்ட பிள்ளை இல்லை. பயந்த பிள்ளை. தனியே இருக்கிற தாய் விழுந்து கிடந்து ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்ற பயம்.

ஒருநாள் நகரசபையில் இருந்து ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். பரமேஸ் தனியே இருக்கத் தகுதியோ என்று பார்க்க. அந்தப் பெண் பரமேசைப் பார்த்துக் கேள்வி கேட்பாள், சுதன் பதில் சொல்லுவான். தானே சமைப்பாவோ? சமைப்பா, ஆனால் அடுப்பை நிற்பாட்ட மறப்பா. படி ஏறுவாவோ? ஏறுவா, ஆனால் களைப்பா. இருபது வருசத்துக்கு மேல் இந்த நாட்டில் துப்புரவு வேலை செய்து, நோர்வேஜியன் பெண்களோடு பகிடி விட்டுச் சிரித்தவள் பரமேஸ். அவள் தேத்தண்ணித் தட்டோடு நின்று, "நான் எப்ப அடுப்பை மறந்தனான்?" என்று அவர்களுடைய மொழியிலேயே கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு மகன் சொன்னதையே எழுதினாள். 

அவர்கள் போன பிறகு தாய்க்கும் மகனுக்கும் சண்டை. முடிவில் பரமேஸ் சொன்னாள்.

"சரி. நான் ஒருக்கா விழுந்தால் வாறன். விழாத வரைக்கும் இஞ்சைதான்."

"ஒருக்கா விழுந்தாலும் வரோணும். பேந்து கதை மாத்தக்கூடாது."

"மாத்தமாட்டன் போடா."

அன்றில் இருந்து அவன் போன் எடுத்தால் முதல் கேள்வி, "விழேல்லைத்தானே?" சாப்பிட்டியளோ என்று கேட்பது போய் இது வந்துவிட்டது. அவள் போய்விட்டால் இந்தக் கட்டடத்தில் என்னோடு பேச மின்தூக்கி மட்டும்தான் மிஞ்சும். அதுவும் மாடி இலக்கத்தை நோர்வேஜியனில்தான் சொல்லும்.

3

இந்த வருசம் வருசப் பிறப்பு விடுமுறை நாளில் வந்தது. காலையில் பரமேஸ் என் கதவைத் தட்டினாள்.

"நேசம், வெளிக்கிடும். மலைக்குப் போவம்."

"விசரே உமக்கு? கோயிலுக்குப் போற நாளில."

"நான் கோயிலுக்குப் போனால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். விலகி நிப்பினம், அவ்வளவுதான். மலை விலகி நிக்காது. இண்டைக்கு ஒரு சனமும் என்னைத் தேடாது, நல்ல நாள். வாரும்."

நீங்கள் நினைப்பது போல மலை பார்க்கப் போகவில்லை. பரமேஸ் மலையில் இருந்து சறுக்குகிறவள். நகரத்துக்கு மேலே உள்ள சறுக்குமலை ஒன்றின் அடியில் ஒரு கபே இருக்கிறது. அங்கே நிலம் துடைத்துக் கக்கூஸ் கழுவும் வேலை அவளுக்குப் பல வருசம். வேலை முடிய அங்கே வேலை செய்பவர்கள் சும்மா சறுக்கலாமாம். கூட வேலை செய்த நோர்வேஜியன் மனுசி ஒருத்தி இவளைப் பிடித்துப் பழக்கிவிட்டாள். மனுசன் படுக்கையில் விழும்வரை சறுக்கிக்கொண்டுதான் இருந்தாள். சனத்துக்குத் தெரியாது. தெரிந்தால் விட்டு வைக்குமா?

"விழுந்தீர் எண்டால்?" என்று கேட்டேன்.

"விழமாட்டன்."

"லில்லெஸ்ட்ரோம் அறை!"

"அதுக்குள்ள போக முன்னம் ஒருக்காச் சறுக்காட்டில் பேந்து எப்ப சறுக்கிறது? நீரும் வந்து பாரும். நான் விழேல்லை எண்டதுக்கு ஒரு கண் வேணும்."

மறுத்துச் சொல்லப் பழகாதவள் நான். புட்டையும் சம்பலையும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

நகர ரயிலில் பட்டுச்சேலைகளோடு கோயிலுக்குப் போகும் குடும்பம் ஒன்று ஏறியது. தெரிந்த முகங்கள். பரமேசின் கையில் இருந்த நீளச் சறுக்குப் பலகைகளைப் பார்த்தார்கள். பிறகு அவசர அவசரமாக யன்னலைப் பார்த்தார்கள். சுரங்கத்துக்குள் ஓடுகிற ரயிலின் யன்னலில் என்ன தெரியும்? வருசப் பிறப்பன்று விதவை முகத்தில் முழிக்கக்கூடாது என்ற அந்த அவசரம் எனக்குத் தெரியும். எனக்கும் நடந்தது. பரமேஸ் என் காதுக்குள், "கறுப்பு யன்னலைப் பாத்தால் புண்ணியமாம்," என்றாள். சிரித்துவிட்டேன். ஆனால் வாய் கசந்தது.

4

மலையடிக்குப் போனால் சந்தை. ஒரு பெட்டியில் இருந்து பாட்டு இடிக்கிறது. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, அவித்த இறால் நிறத்தில் பியர் குடிக்கிறார்கள். கபேச் சுவரோரம் பனியில் மான்தோலை விரித்து, கண்ணை மூடி மல்லாந்து வரிசையாகக் கிடக்கிறார்கள். மாரி முழுக்க வெயில் காணாத சனம். பார்த்தால் கரைவலையில் வந்த மீனை வெட்டையில் காயப் போட்ட மாதிரி. சவர்க்காரக் கட்டி போல ஒரு பழுப்புச் சீஸை வாபிள் அப்பத்தில் சீவி வைத்துத் தின்கிறார்கள். எங்கே பார்த்தாலும் வெயிலுக்குப் பூசும் கிறீம் மணமும் ஈரக் காலுறை மணமும்.

"நீரும் ஒருக்கா ஏறிப் பாரும்," என்றாள் பரமேஸ்.

"எனக்கு வேண்டாம்."

"சின்னப் பிள்ளையள் சறுக்கிற இடத்திலதான். பாரும், மூண்டு வயசுக் குஞ்சுகள் போகுதுகள்."

வேண்டாம் என்று நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லைப் போலும். வாடகைச் சப்பாத்துக் கொடுக்கும் கொட்டிலுக்குள் கொண்டுபோய்விட்டாள். அந்தச் சப்பாத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கல்லுப் போலக் கனம். உள்ளே ஈரம். ஈரம்கூடப் பரவாயில்லை, சூடு. இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்த காலின் சூடு. முன்பின் தெரியாத ஒருவரின் வேர்வைக்குள் என் காலை விட்டபோது உடம்பெல்லாம் கூசியது. பரமேஸ் முழங்காலை ஊன்றிக்கொண்டு கொழுக்கிகளைப் பூட்டினாள்.

நிலம் தானாக நகரும் பட்டை ஒன்றில் குழந்தைகளுக்கு நடுவில் என்னை ஏற்றி, மேலே கொண்டுபோய் விட்டாள். மேலே என்றால் ஒரு வீட்டுக் கூரை உயரம். சறுக்கினேனா, தள்ளப்பட்டேனா தெரியாது. கொஞ்சத் தூரம் போய்ப் பின்பக்கம் அடிபட இருந்துவிட்டேன். உருகின பனி சேலைக்கு உள்ளால் ஏறியது. ஒரு சின்னப் பெட்டை வந்து என்னைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"காணும், போதும்," என்றேன்.

"காணும்," என்று பரமேசும் சிரித்தாள். "பாத்தீரோ, விழுந்தது நீர்தான். எனக்குக் கணக்கில்லை."

நான் சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாங்கிலில் இருந்தேன். அவள் கொண்டைக்கு மேல் ஹெல்மெட்டை அழுத்திப் போட்டுக்கொண்டு, அந்தரத்தில் தொங்கும் கதிரையில் ஏறி மலையின் உச்சிக்குப் போனாள்.

சறுக்கி வருவதைப் பார்த்தேன். எனக்கு அந்த விளையாட்டுப் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. ஒரு மனுசி எதற்கு மேலே போகவேண்டும், எதற்குக் கீழே விழுந்தடித்து வரவேண்டும்? ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அவளுடைய சிவப்புச் சட்டை அந்தப் பக்கம் சாய்ந்து, இந்தப் பக்கம் சாய்ந்து, ஒரு அவசரமும் இல்லாமல், துணியில் தையல் ஓடுவது போல இறங்கி வந்தது. வீட்டில் முழங்கால் உளைகிறது என்று எண்ணெய் தடவுகிறவள்தானா இவள்?

வந்து பலகைகளைக் கழற்றினாள். புட்டைத் தின்றாள். பிறகு, வாங்கிலுக்குக் கொஞ்சம் அங்கால் போய், வெறும் பனியில் கையையும் காலையும் விரித்துக்கொண்டு மல்லாந்து படுத்துவிட்டாள்.

"என்ன செய்யிறீர்? எழும்பும்! சனம் பாக்கும்."

"ஆர் பாக்கிறது? அங்கை பாரும், எத்தினை பேர் கிடக்கினம்."

"அவை வெள்ளைக்காரர்."

"வெயிலுக்குத் தெரியுமோ? நேசம், அவர் போனதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் எனக்கு முதுகு நோகேல்லை. கொஞ்சம் விடும்."

விட்டேன். வாயைத் திறந்தபடி நித்திரையும் கொண்டாள். எத்தனையோ பேர் பக்கத்தால் போனார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெயில் காய்கிற மனுசி என்று விட்டுவிட்டார்கள்.

எழும்பி, முகத்தைத் துடைத்து, "கடைசியா ஒருக்கா," என்று மறுபடியும் மேலே போனாள்.

5

அப்போதுதான் வாகனத் தரிப்பிடத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. இறங்கியவர்கள் எங்கள் சனம். பட்டுச்சேலை, வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். கோயிலில் பூசை முடிந்த கையோடு அப்படியே வந்திருக்கிறார்கள். கடுகு நிறப் பட்டுக் கட்டிய மணி அக்கா முன்னால். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒருவர், வயதானவர்களுக்காகக் கோயிலில் வைத்திருக்கும் சில்லுக்கதிரையைத் தள்ளிக்கொண்டு பின்னால். சில்லு உருகின பனிக்குள் புதைந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை இழுத்தார். சறுக்கிக்கொண்டு வந்த நோர்வேஜியன் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மணி அக்கா என்னைக் கண்டுவிட்டா.

"நேசம், எங்கை அவள்? அம்புலன்ஸ் கொண்டு போட்டுதோ? காலோ இடுப்போ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.  மலையின் உச்சியைக் காட்டினேன்.

"ஐயோ, மேலையோ கிடக்கிறாள்!" என்று வாயில் அடித்துக்கொண்டா.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. எங்கள் சனத்தில் ஜெயந்தி என்று ஒருத்தி, பிள்ளைகளைச் சறுக்கு வகுப்பில் விட்டுவிட்டுக் கபேக்குள் இருந்திருக்கிறாள். யன்னலால் பார்த்தால் பரமேஸ் அன்ரி பனியில் கிடக்கிறா. நோர்வேஜியன் கிடந்தால் அது வெயில் காய்கிறது. தமிழ் மனுசி கிடந்தால் அது விழுந்ததுதான், வேறு என்ன? எழும்பி வெளியே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருந்த இடத்தில் இருந்து படம் எடுத்து, "பரமேஸ் அன்ரி மலையில சறுக்கேக்க விழுந்து அசைவில்லாமல் கிடக்கிறா, எல்லாரும் கடவுளைக் கும்பிடுங்கோ" என்று எழுதி, கோயில் ஆட்கள் எல்லோரும் இருக்கும் வட்ஸப் குழுவில் போட்டுவிட்டு, வாபிளைத் தின்று முடித்திருக்கிறாள். இப்போது உதட்டில் ஜாமோடு அவளும் வந்து கூட்டத்தில் நின்றாள். 

கடைசியாகச் சுதன் ஓடி வந்தான். சேட்டின் பொத்தானை மாறிப் பூட்டி இருந்தான். கண் சிவந்து கிடந்தது. அவனைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

பரமேஸ் மேலே இருந்து இறங்கத் தொடங்கினாள். சிவப்புச் சட்டையை எல்லோரும் கண்டார்கள்.  வந்த வேகத்தில் அவர்களுக்கு முன்னால் பக்கவாட்டாகத் திரும்பி நின்றாள். ஊத்தைப் பனி கிளம்பிப் பட்டுச்சேலைக் கரையெல்லாம் தெறித்தது.

"என்ன, எல்லாரும் ஸ்கீ பழக வந்தனியளோ?"

"உனக்குக் கால் முறிஞ்சதெண்டெல்லோ வந்தனாங்கள்!" என்றா மணி அக்கா.

"முறியேல்லை, மணி அக்கா. குறை நினைக்காதேங்கோ."

அங்கே நின்ற முகங்களை நான் பார்த்தேன். சந்தோசம் இல்லை. பூசையை விட்டு, இவ்வளவு தூரம் வந்து, முறிந்த காலும் இல்லை என்ற ஏமாற்றம். ஒரு வருசமாகக் கதவைத் தட்டாத சனம். கால் முறிந்தது என்றதும் சில்லுக்கதிரையோடு வருகிறது.

6

சுதன் தாயின் கையைப் பிடித்தான்.

"அம்மா, நான் என்னெண்டு கார் ஓடி வந்தனான் எண்டு தெரியுமோ? காணும். நாளைக்கே சாமானைக் கட்டுவம். லில்லெஸ்ட்ரோம்."

"நான் விழேல்லையடா."

"விழேல்லையோ? இந்தா படம் கிடக்கு."

போனை நீட்டினான். எல்லோரும் போனை எட்டிப் பார்த்தார்கள். பலகையில் நிற்கிற மனுசியை ஒருவரும் பார்க்கவில்லை.

"படத்தில வடிவாக் கிடக்கிறாதானே," என்றார் சில்லுக்கதிரைக்காரர்.

"படுத்துக் கிடந்தனான். வெயிலுக்கு."

"ஆரும் பனியில படுப்பினமோ?" என்றா மணி அக்கா. "ஆட்டைத் திவசம் இன்னும் முடியேல்லை. இந்தக் கோலத்தில மலையில நிண்டு உருண்டுபோட்டு, பொய் வேறை. சுதன், கொம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. சனம் உன்னைத்தான் பேசும்."

பரமேஸ் குனிந்து சப்பாத்தின் கொழுக்கியைக் கழற்றத் தொடங்கினாள்.  "சரி, வாறன்," என்று சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் விழேல்லை எண்டதுக்கு ஒரு கண் வேணும் என்று கூட்டிவந்தாள். கண் இருந்து என்ன, வாய் இல்லையே. சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

பிறகு நான் செய்ததை நானே நம்பவில்லை. அவர்கள் எல்லோருக்கும் முன்னால் நடந்து போய், சேலையும் குளிர்ச்சட்டையுமாக, அந்த ஊத்தைப் பனியில் மல்லாந்து படுத்தேன். கழுத்துக்குள்ளால் தண்ணீர் போனது. சிகரெட் கட்டை ஒன்று காதுக்குப் பக்கத்தில் கிடந்தது. அருவருப்பு. எழும்பவில்லை.

"நேசம் அன்ரி!" என்று சுதன் கத்தினான்.

"ஜெயந்தி," என்றேன். என் குரல் இவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது. "எடு பிள்ளை படம். நானும் விழுந்து கிடக்கிறன். போடு வட்ஸப்பில. சில்லுக்கதிரையையும் கொண்டு வாங்கோ."

 கபேச் சுவரோரம் படுத்திருந்த நோர்வேஜியன் கிழவர் ஒருவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வெயில் நல்லது என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

சுதன் என்னைப் பார்த்தான். பிறகு அந்தச் சுவரோரம் வரிசையாகக் கிடந்தவர்களைப் பார்த்தான். போனில் இருந்த படத்தைப் பார்த்தான். கடைசியாகத்தான் தாயைப் பார்த்தான். ஹெல்மெட்டுக்குக் கீழே நரைமயிர் ஒட்டி, கன்னம் வெயிலில் சிவந்து, முழுசாக நின்றாள்.

"வாங்கோ அம்மா, வீட்டை போவம்," என்றான்.

"எந்த வீட்டை?"

அவன் பலகைகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"ஸ்டோவ்னருக்குத்தான். வேறை எங்கை?"

மணி அக்கா சேலைக் கரையைப் பிழிந்தபடி போனா. சில்லுக்கதிரையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். வருசத்து வாழ்த்து ஒருவரும் சொல்லவில்லை.

7

மற்ற நாள் பருத்தித்துறையில் இருந்து என் தங்கச்சி போன் எடுத்து அழுதாள். "அக்கா, பரமேஸ் அக்கா மலையில இருந்து விழுந்து செத்துப் போனாவாமே?" கனடாவில் இருந்து ஒருவர், லண்டனில் இருந்து இரண்டு பேர். படம் எல்லா இடமும் போய்விட்டது. போகப் போகக் கால் முறிந்து, இடுப்பு முறிந்து, கடைசியில் ஆளே முடிந்துவிட்டாள். அந்தக் குழுவைப் பரமேசின் போனில் நான் பார்த்தேன். கும்பிட்ட கைகள் வரிசையாக நிற்கின்றன. கும்பிட்டவர்களில் பாதிப் பேர் அன்று மலையடியில் நின்று அவள் முழுசாக இறங்கி வந்ததைக் கண்ணால் கண்டவர்கள். அவள் விழவில்லை என்று ஒருவர்கூட எழுதவில்லை.

ஆகையால் ஐந்தாம் வகுப்புப் படித்த நான் எழுதுகிறேன். பரமேஸ் விழவில்லை. வெயில் காய்ந்தாள். அந்தப் படத்தை யார் யாருக்கு அனுப்பினீர்களோ, அவர்களுக்கு இதையும் அனுப்புங்கோ.